பழைய அனல் மின் நிலையங்களின் புகையைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர் பக்கம், மேட்டூர், தூத்துக்குடி, நெய்வேலி என்று அனல் மின் நிலையங்களை ஒட்டிக் குடியிருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கரண்ட் பில் மட்டும் கட்டுகிறவர்கள் கேட்பவையும் நடுவில் உண்டு. ஒரு சின்ன ஏற்பாடு: ஒரு கொதிகலன், அதோடு சேர்ந்த டர்பைன், ஜெனரேட்டர் மூன்றையும் சேர்த்து இங்கே ‘அலகு’ என்கிறேன். ‘யூனிட்’ என்று வந்தால் அது வீட்டு மீட்டரில் ஓடும் யூனிட்.

எவை ‘பழைய’ நிலையங்கள்?

மத்திய அரசின் விதிப்படி 2003 டிசம்பர் 31-க்கு முன் நிறுவிய அலகுகள் தனி வகை. அவற்றுக்குத்தான் இருப்பதிலேயே தளர்வான வரம்பு. தமிழ்நாட்டில் தூத்துக்குடியின் ஐந்து அலகுகள் 1979-க்கும் 1992-க்கும் இடையில் வந்தவை. மேட்டூரின் முதல் நான்கு அலகுகள் 1987-க்கும் 1990-க்கும் இடையில் வந்தன. வட சென்னை முதல் நிலையின் மூன்று அலகுகள் தொண்ணூறுகளின் நடுவில். எல்லாமே 210 மெகாவாட். நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் இருக்கும் ஏழும் அதே அளவுதான். அந்தக் காலத்தில் நாடு முழுவதும் அச்சில் வார்த்த மாதிரி 210 மெகாவாட் அலகுகளைத்தான் அதிகம் நிறுவினார்கள். அதனால் ஓரிடத்தில் சரிசெய்து பார்த்த முறை இன்னோர் இடத்திலும் பெரும்பாலும் பொருந்தும்.

அப்படி ஒரு அலகிலிருந்து ஒரு நாளைக்கு என்னதான் வெளியே வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய அலகு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ உள்நாட்டு நிலக்கரி எரிக்கும். 210 மெகாவாட் அலகு முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 3,800 டன். இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். 40 என்று வைத்தால் 1,500 டன் சாம்பல். அதில் ஐந்தில் நாலு பங்கு, அதாவது 1,200 டன், புகையோடு சேர்ந்து பறக்கும். மீதி கொதிகலனின் அடியில் விழுந்துவிடும்.

அந்த 1,200 டன்னில் 99.9 சதவீதத்தைப் பிடித்தால் வெளியே போவது 1.2 டன். 99 சதவீதம் பிடித்தால் 12 டன். ‘99 சதவீதம் பிடிக்கிறோம்’ என்று ஒரு நிலையம் பெருமையாகச் சொன்னால் இந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கந்தகமும் இருக்கிறது. நிலக்கரியில் 0.4 சதவீதம் என்றாலும் நாளைக்கு 15 டன் கந்தகம். எரியும்போது ஒவ்வொரு கந்தக அணுவோடும் அதே எடையுள்ள ஆக்சிஜன் சேர்வதால் அது 30 டன் கந்தக டை ஆக்சைடாக வெளியேறும். இது ஒரே ஓர் அலகின் கணக்கு.

மொட்டை மாடியில் காயப்போட்ட துணியில் படிகிற கருப்புத்தூள் புகைபோக்கியிலிருந்து வருவதா?

கருப்பாக இருந்தால் பெரும்பாலும் நிலக்கரித் தூள். திறந்தவெளிக் கரி யார்டு, கன்வேயர் பெல்ட், தார்ப்பாய் போடாமல் ஓடும் லாரி ஆகியவைதான் அதற்குக் காரணம். சாம்பல் என்றால் வெளிர்ச் சாம்பல் நிறம். விரலில் தேய்த்தால் முகப் பவுடர் மாதிரி வழுக்கும். அது காய்ந்துபோன சாம்பல் குட்டையிலிருந்து காற்றில் எழும்பியதாகவும் இருக்கலாம், புகைபோக்கி வழியாகத் தப்பியதாகவும் இருக்கலாம்.

ஆனால் துணியில் படிவதைவிடப் படியாததுதான் ஆபத்து. 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் எளிதில் கீழே இறங்காது. நுரையீரலின் ஆழம் வரை போகும். அவற்றில் மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். மூச்சுக் கோளாறுகளோடு மாரடைப்பு, பக்கவாதம் வரைக்கும் இதற்குத் தொடர்பு உண்டு. துணி சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்துக் காற்றும் சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது.

சாம்பலைப் பிடிக்கிற ‘ஈஎஸ்பி’ எப்படி வேலை செய்கிறது?

சீப்பால் தலையை வாரிவிட்டுக் காகிதத் துணுக்கின் பக்கம் கொண்டுபோனால் அது ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அதே நிலைமின்சாரம்தான். பெரிய இரும்பு அறைக்குள் வரிசையாகத் தகடுகள் தொங்கும். தகடுகளுக்கு நடுவே மெல்லிய மின்முனைகள். அவற்றுக்குப் பல்லாயிரம் வோல்ட் கொடுப்பார்கள். இடையில் மெதுவாக நகரும் புகையிலுள்ள துகள்கள் மின்னேற்றம் பெற்றுத் தகட்டில் போய் ஒட்டும். அவ்வப்போது சுத்தியல்கள் தகட்டைத் தட்டும். சாம்பல் பாளமாகக் கீழே உள்ள தொட்டியில் விழும். இப்படி ஒரு தகடு-மின்முனைத் தொகுதிக்குப் பெயர் ‘ஃபீல்டு’; ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஃபீல்டுகள் இருக்கும். ராணிப்பேட்டை பெல் ஆலையின் முக்கியத் தயாரிப்புகளில் இதுவும் ஒன்று.

பிறகு ஏன் பழைய நிலையங்களில் புகை தப்புகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். ஈஎஸ்பி இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓடுகிறதா என்று கேட்பவர் குறைவு.

முதல் காரணம், பல பழைய ஈஎஸ்பிக்கள் வடிவமைக்கப்பட்டது சாம்பல் குறைந்த கரிக்கு. அப்புறம் கரியின் தரம் இறங்கியது. அதே மின்சாரத்துக்கு அதிகக் கரி, அதிகப் புகை, அதிகச் சாம்பல். இரண்டாவது, தேய்மானம். தகடுகள் வளையும், மின்முனைகள் அறுந்து தொங்கும், சுத்தியல் தட்டுவது நிற்கும். கீழே தொட்டியில் சாம்பலை எடுக்காமல் விட்டால் அது நிரம்பி மேலே ஏறி மின்முனையைத் தொடும். உடனே அந்த ஃபீல்டு ட்ரிப் ஆகிவிடும். ஒரு ஃபீல்டு போனாலும் அலகு ஓடிக்கொண்டுதான் இருக்கும், மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். கன்ட்ரோல் ரூமில் ஒரு விளக்கு மாறும், அவ்வளவுதான். மூன்றாவது, குழாய்களில் ஓட்டை. வெளிக்காற்று உள்ளே புகுந்தால் புகையின் வேகம் கூடும்; துகளுக்குத் தகட்டில் போய் ஒட்ட நேரம் கிடைக்காது.

நாலாவது காரணம் கொஞ்சம் விசித்திரமானது. நம் கரியில் கந்தகம் குறைவு. அதனால் சாம்பலின் மின்தடை அதிகம். தகட்டில் படிந்த பிறகும் மின்னேற்றத்தை விடாமல் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் துகள்களைச் சேரவிடாமல் தடுக்கும். கந்தகம் குறைவு என்று ஒரு பக்கம் நிம்மதிப்பட்டால், இன்னொரு பக்கம் அதே காரணத்தால் சாம்பல் பிடிபடாமல் போகிறது.

அதைச் சரிசெய்ய முடியுமா?

முடியும், பெரிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. இடம் இருந்தால் கூடுதல் ஃபீல்டு சேர்க்கலாம், இடம் இல்லாவிட்டால் தகடுகளின் உயரத்தைக் கூட்டலாம். பழைய மின்மாற்றிக்குப் பதில் உயர் அதிர்வெண் மின்வழங்கி வைக்கலாம். புகையில் சிறிதளவு அம்மோனியா அல்லது கந்தக டிரை ஆக்சைடு கலந்தால் சாம்பல் பிடிபடுவது எளிதாகும். கடைசி ஃபீல்டுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் துணிப்பை வடிகட்டி பொருத்துவதும் உண்டு. துணிப்பைக்குச் சாம்பலின் மின்தடை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பைகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், புகையை இழுக்கும் மின்விசிறிக்கும் சுமை கூடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஓட்டைகளை அடைப்பதும் தொட்டிகளை நேரத்துக்குக் காலி செய்வதும் இருக்கின்றன. அதற்குக் கோடிகள் தேவைப்படாது. ஆள் வேண்டும், அலகை நிறுத்திப் பராமரிக்க அனுமதி வேண்டும். கோடையில் மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது அந்த அனுமதி யாருக்கும் சுலபத்தில் கிடைப்பதில்லை.

எஃப்ஜிடி, எஃப்ஜிடி என்கிறார்களே, அது என்ன?

புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடை நீக்கும் அமைப்பு. பரவலாக உள்ள முறையில் சுண்ணாம்புக்கல்லை அரைத்துத் தண்ணீரில் கரைத்துப் புகையின் மீது மழைபோலத் தெளிப்பார்கள். கந்தக டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து, காற்றும் பட்டு, ஜிப்சமாக மாறும். சிமெண்டுக்கும் சுவர்ப் பலகைக்கும் அந்த ஜிப்சம் பயன்படும். 90 சதவீதத்துக்கு மேல் கந்தக டை ஆக்சைடு பிடிபடும். விலை: நிறைய பணம், நிறைய தண்ணீர், நிலையம் தயாரிக்கும் மின்சாரத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதம்.

கடலோரத்தில் இன்னொரு வழி உண்டு. கடல்நீருக்கு இயற்கையாகவே காரத்தன்மை இருப்பதால் அதையே தெளித்துப் பிடிக்கலாம். மும்பை டிராம்பேயில் எண்பதுகளிலேயே இது வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் தகானு நிலையத்திலும் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2007-இல் வந்தது. ஆனால் பயன்படுத்திய நீரைக் காற்றேற்றிச் சரிசெய்துதான் கடலில் விட வேண்டும். எண்ணூர்க் கழிமுகம் மாதிரி ஏற்கெனவே சூடான நீரும் சாம்பலும் கலக்கிற இடத்தில் அதையும் சேர்ப்பதற்கு முன் மீனவர்களைக் கேட்க வேண்டும்.

இன்னும் சில ஆண்டுகளே ஓடப்போகிற சின்ன அலகுகளுக்குப் பெரிய கட்டுமானம் தேவையில்லை. சோடியம் பைகார்பனேட், அதாவது நம் சமையல் சோடா, தூளாகப் புகைக்குழாயில் ஊதப்படும். ஈஎஸ்பி அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். டெல்லிக்குப் பக்கத்தில் தாத்ரியின் 210 மெகாவாட் அலகுகளில் இந்த முறைதான். செலவு குறைவு, பிடிப்பும் குறைவு; தினசரி சோடா வாங்கும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும்.

2015-இல் கடுமையான விதி வந்ததே, அது என்ன ஆயிற்று?

2015 டிசம்பர் 7 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. ஒரு கனமீட்டர் புகையில் துகள்கள் பழைய அலகுகளுக்கு 100 மில்லிகிராம், 2004-க்கும் 2016-க்கும் இடையில் வந்தவற்றுக்கு 50, அதற்குப் பிந்தியவற்றுக்கு 30. கந்தக டை ஆக்சைடு 500 மெகாவாட்டுக்குக் குறைந்தவற்றுக்கு 600, பெரியவற்றுக்கு 200, 2017-இலிருந்து வருபவற்றுக்கு 100. நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் ஆகியவற்றுக்கும் வரம்பு வைத்தார்கள். இரண்டு வருடம் அவகாசம்.

2017 வந்தது, ஒன்றும் நடக்கவில்லை. கெடு 2022 வரை தள்ளிப்போனது. 2021-இல் நிலையங்களை மூன்றாகப் பிரித்தார்கள். டெல்லி வட்டாரத்துக்கோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை ‘ஏ’. மிகவும் மாசடைந்த பகுதிக்கோ காற்றுத் தர வரம்பை எட்டாத நகரத்துக்கோ அதே தூரத்தில் இருப்பவை ‘பி’. மற்றவை எல்லாம் ‘சி’. கெடு தாண்டினால் யூனிட்டுக்கு 5 காசிலிருந்து 20 காசு வரை இழப்பீடு என்று அப்போது வைத்தார்கள். கருவி வாங்குவதைவிட இழப்பீடு கட்டுவது லாபம் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்லிவிடுவார். 2022 செப்டம்பரில் மறுபடி நீட்டிப்பு, 2024 டிசம்பரில் இன்னொன்று. கடைசியில் 2025 ஜூலையில் ‘சி’ வகைக்குக் கந்தக வரம்பிலிருந்தே விலக்கு. நாட்டின் அலகுகளில் நாலில் மூன்று பங்குக்கு மேல் இந்த வகைதான். ‘பி’ வகைக்கு ஒவ்வொன்றாகப் பரிசீலனை. ‘ஏ’ வகைக்கு மட்டும் 2027 டிசம்பர் கெடு.

துகள்களுக்கான வரம்பு அப்படியே இருக்கிறது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. எஃப்ஜிடி விலக்கு என்ற செய்தியைப் படித்துவிட்டுப் புகைக்கே விலக்கு என்று நினைக்கிறார்கள்.

நம் கரியில் கந்தகம் குறைவு, எஃப்ஜிடி வீண் செலவு என்பது சரிதானா?

பாதி சரி. கந்தகம் குறைவு என்பது உண்மை. பெரும்பாலான ஊர்களில் காற்றில் அளக்கும் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பதும் உண்மை. விலக்குக்கு ஆதரவாக இவற்றைத்தான் சொன்னார்கள்.

அளவுமானிக்கு எட்டாமல் நடப்பது இது. காற்றில் கலந்த கந்தக டை ஆக்சைடு சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் சல்பேட்டாக மாறி, அம்மோனியாவோடு சேர்ந்து நுண்துகளாகிவிடும். அதற்குள் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போயிருக்கும். போய்ச் சேர்ந்த ஊரில் அளப்பவருக்கு அது 2.5 மைக்ரான் துகள் கணக்கில்தான் தெரியும், எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்று தெரியாது. நகரத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஆபத்து, 11 கிலோமீட்டரில் இருந்தால் இல்லை என்கிற பிரிவினையை இந்த வேதியியல் மதிக்காது.

என் கருத்தைக் கேட்டால்: இன்னும் இருபது வருடம் ஓடப்போகிற பெரிய அலகுகளுக்கு எஃப்ஜிடி போடத்தான் வேண்டும். முப்பத்தைந்து வயதான 210 மெகாவாட் அலகில் முழு எஃப்ஜிடி கட்டுவது பணத்தை விரயமாக்குவது. அங்கே ஈஎஸ்பியைச் செம்மையாக்கி, சோடா ஊதி, மூடும் தேதியை எழுத்தில் வாங்க வேண்டும். தேதியும் இல்லாமல் கருவியும் இல்லாமல் ஓட்டுவதுதான் இப்போது நடக்கிறது.

புகைபோக்கியை உயரமாகக் கட்டினால் போதாதா?

220, 275 மீட்டர் உயரத்தில் ஏற்கெனவே கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஊர் தப்பிக்கும், தூரத்து ஊர் மாட்டும். பிரிட்டன் இப்படிச் செய்துதான் ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமில மழை பெய்தது.

நைட்ரஜன் ஆக்சைடை எப்படிக் குறைப்பது?

எரியும்போதே குறைப்பது மலிவு. நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக உண்டாக்கும் பர்னர்கள் பொருத்தி, காற்றின் ஒரு பகுதியைச் சுடருக்கு மேலே தனியாகச் செலுத்தினால் கணிசமாகக் குறையும். அதற்கு மேல் வேண்டுமானால் அம்மோனியாவும் வினையூக்கியும் தேவை. நம் கரியின் மணல் போன்ற சாம்பல் அந்த வினையூக்கியை அரித்துத் தின்றுவிடுகிறது. 2004-க்கும் 2016-க்கும் இடைப்பட்ட அலகுகளின் வரம்பு 300 மில்லிகிராம் என்றிருந்ததை 2020-இல் 450 ஆகத் தளர்த்திவிட்டார்கள்.

புகைபோக்கியில் வெள்ளையாக வருவது விஷமா?

பெரும்பாலும் நீராவி. சற்றுத் தூரத்தில் கரைந்துவிடும். அகலமான குட்டைக் கோபுரத்திலிருந்து வந்தால் அது குளிர்விக்கும் கோபுரம், நீராவியேதான். பழுப்புச் சாம்பல் நிறத்தில் நீண்ட வாலாகக் கலையாமல் போனால் ஈஎஸ்பியில் கோளாறு. கந்தக டை ஆக்சைடுக்கு நிறமே இல்லை.

பிடித்த சாம்பல் எங்கே போகிறது?

காற்றில் போகாமல் தடுத்ததைத் தண்ணீரில் விட்டால் என்ன பயன் என்று எண்ணூர்க்காரர்கள் கேட்பது நியாயம்தான். உலர் சாம்பலாக எடுத்தால் சிமெண்ட் ஆலை வாங்கிக்கொள்ளும். பிபிசி (போர்ட்லண்ட் பொசோலானா) சிமெண்டில் மூன்றில் ஒரு பங்குவரை சாம்பலே இருக்கலாம். செங்கல் செய்யலாம், சாலை மேட்டுக்குப் போடலாம். விற்காமல் மிஞ்சியதைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்கு அனுப்புவார்கள். குழாய் தேய்ந்து உடைந்தால் அது கொசஸ்தலையாற்றில் கலக்கும். அங்கே அது பலமுறை நடந்திருக்கிறது. ஆற்றின் அடியில் சாம்பல் படிந்து, இறால் பிடிக்கும் இடங்கள் மேடிட்டுப் போயின.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்காவின் கதை நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. 1970-இல் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தபோது, பழைய நிலையங்கள் எப்படியும் சீக்கிரம் மூடப்படும் என்று நம்பிப் புதியவற்றுக்கு மட்டும் கடுமை காட்டினார்கள். புதிது கட்டினால் கருவி போட வேண்டும், பழசை ஓட்டினால் வேண்டாம் என்றால் யார் பழசை மூடுவார்கள்? பாகம் பாகமாக மாற்றி, அதை வழக்கமான பராமரிப்பு என்று சொல்லி, பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். அரசு வழக்குப் போட வேண்டியதாயிற்று. 1990 சட்டத்திருத்தம் கந்தகத்துக்கு நாடு முழுவதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்து, குறைத்தவர் மிச்ச அனுமதியை விற்கலாம் என்றது. அப்புறம்தான் வேகம் வந்தது. கருவி போட்டவர்கள் உண்டு, கந்தகம் குறைந்த கரிக்கு மாறியவர்களும் உண்டு. மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு 1990-இல் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல். 2020-இல் பத்து லட்சம் டன்னுக்கும் கீழ்.

சீனா 2014-இல் துகளுக்கு 10, கந்தக டை ஆக்சைடுக்கு 35, நைட்ரஜன் ஆக்சைடுக்கு 50 மில்லிகிராம் என்று வைத்து, பழைய அலகுகளையும் அதற்குள் கொண்டுவந்தது. பிரிட்டன் 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி நிலையத்தை மூடியது.

நாமும் மூடிவிடலாமே?

சிலவற்றை மூடியிருக்கிறோம். 1970-களின் எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் நின்றது. 1962-இல் சோவியத் உதவியோடு தொடங்கிய நெய்வேலி முதல் நிலையம் 2020-இல். டெல்லியின் பதர்பூர் 2018-இல். ஆனால் 2023 ஜனவரியில் மத்திய மின்சார ஆணையம், 2030 வரை நிலக்கரி அலகுகளை ஓய்வு பெறவைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. மாலையில் சூரிய மின்சாரம் இறங்கும்போது மின்தேவை ஏறுகிறது என்பது உண்மையான பிரச்சினை. காற்று அடிக்கிற மாதங்களில் தமிழ்நாட்டில் பழைய அலகுகளைக் குறைத்து ஓட்டவோ நிறுத்தி வைக்கவோ முடியும். எதை முதலில் நிறுத்துவது என்ற வரிசையை யூனிட் செலவை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். யூனிட்டுக்கு எவ்வளவு புகை என்பதையும் அதில் சேர்த்துக்கொண்டால், ஒரு செங்கல்கூடக் கட்டாமல் மாசு குறையும்.

கரண்ட் பில் ஏறுமா?

ஈஎஸ்பியைச் சரிசெய்வதால் பில்லில் தெரிகிற அளவுக்கு ஏறாது. முழு எஃப்ஜிடி என்றால் அந்த நிலையத்தின் மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சில பத்துக் காசுகள் கூடும். ஆஸ்துமா மருந்துக்கு இப்போதே கொடுப்பவர்கள் அந்தச் செலவை எந்தப் பில்லிலும் காட்டுவதில்லை.

பக்கத்தில் குடியிருக்கிறோம். நாங்கள் என்ன கேட்கலாம்?

‘புகை வருகிறது’ என்று மட்டும் மனு எழுதினால் ‘வரம்புக்குள் உள்ளது’ என்று ஒரு வரியில் பதில் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் குறிப்பாகக் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையின் நகல். ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் நிலையம் தாக்கல் செய்ய வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கை. புகைபோக்கியில் பொருத்திய தொடர் கண்காணிப்புக் கருவியின் ஒரு மாதப் பதிவு. சராசரி வேண்டாம், மணிவாரியாக. இரவு நேர எண்களைப் பகலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். ஒரே எண் பல மணி நேரம் அசையாமல் நின்றால் கருவி தூங்குகிறது என்று பொருள்.

இதோடு ஒவ்வொரு அலகிலும் ஈஎஸ்பியின் மொத்த ஃபீல்டுகள் எத்தனை, அந்த மாதத்தில் நாள்தோறும் ஓடியவை எத்தனை என்று கேளுங்கள். நிலையத்தின் லாக் புத்தகத்தில் அது இருக்கும். எந்தத் தேதியில் எத்தனை ஃபீல்டு படுத்திருந்தது என்று கையில் இருந்தால், வாரிய அலுவலகத்தில் உங்களை உட்காரச் சொல்லிப் பேசுவார்கள்.